கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி
டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "பிள்ளைகள் கவனிப்பதில்லை." ஆசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள், பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். சேர்வராயன் மலையில் 11 வருஷம், சேலம் டவுனில் 21 வருஷம் அறிவியலும் கணக்கும் எடுத்தவள் நான். எனக்குப் பழகின விஷயம் என்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பில் 44 பேர். முதல் பத்து நிமிஷம் அமைதி, அதற்கப்புறம் சந்தைக்கடைதான். கேள்வி கேட்டால் முன் பெஞ்சில் அதே மூன்று பேர் கை தூக்குகிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என்ன செய்யலாம்?
(இளம் ஆசிரியர், ஓமலூர்)

தம்பி, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அதே மூன்று பேர் பதில் சொன்னால், கேள்வி தங்களுக்கு இல்லை என்பது மீதி 41 பேருக்கும் தெரிந்துவிடும். தனக்கில்லாத கேள்வியை எந்தப் பிள்ளை யோசிக்கும்? அது பக்கத்தில் இருப்பவனோடு பேசத்தான் செய்யும்.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சையெல்லாம் ஒலிநாடாவில் பதிவுசெய்து கேட்டார். பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு விநாடிகூட நிற்கவில்லை. பதில் வராவிட்டால் தாங்களே சொல்லிவிட்டார்கள், இல்லையென்றால் அடுத்த பையனிடம் போய்விட்டார்கள். அதையே மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. மூன்று விநாடி என்பது கேட்கத்தான் சின்னது. 44 ஜோடிக் கண்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஒரு யுகம் போல இருக்கும். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விரல் மடக்கி எண்ணுவேன்.

மலைப் பள்ளியில் இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வார நாளில் மலையிலேயே தங்கல், சனி ஞாயிறு சேலத்தில் வீடு. ஒரு திங்கட்கிழமை பழைய பஸ் நிலையத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். வாங்கும்போது தொளதொளவென்று இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏற்காட்டில் இறங்கும்போது பந்து மாதிரி விறைத்திருந்தது. அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டு பாக்கெட்டை மேஜை மேல் வைத்தேன்.

"காலையில வாங்கும்போது இது தொளதொளன்னு இருந்துச்சு. இப்ப பாருங்க. யாரு உள்ள காத்து ஊதினது?"

முன் பெஞ்ச் கைகள் உடனே எழும்பின. "இருங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும்தான். ஒருத்தன் எழுந்து, "வெயில்ல சூடாயிருக்கும் டீச்சர்" என்றான். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மலைக் குளிரில் பாக்கெட் ஜில்லென்று இருந்தது. மறுபடி அமைதி. அப்புறம், அந்த வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பையன் உட்கார்ந்தபடியே முணுமுணுத்தான்: "பஸ்ல போனா காது அடைக்குதே, அதுவும் இதுவும் ஒண்ணா டீச்சர்?"

நான் "சரி" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் யோசிப்பதை நிறுத்தியிருப்பார்கள். "எப்பிடி சொல்ற?" என்று மட்டும் கேட்டேன். அவனால் விளக்க முடியவில்லை. ஆனால் இன்னொரு பெண் பிடித்துக்கொண்டாள்: "அப்ப கீழ கொண்டு போனா மறுபடி சுருங்கிடுமா?" வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சுருங்கும் என்று ஒரு கட்சி, சுருங்காது என்று ஒரு கட்சி. பெயர்களைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்தேன். வெள்ளிக்கிழமை வரை பாக்கெட்டைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருந்தோம். தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை புறப்படும்போது ஒரு பையன் சந்தேகத்தைக் கிளப்பினான். "கீழ சுருங்கினாலும் மேல வந்தா உப்பிக்கும். நீங்க சொல்றத நாங்க எப்பிடி நம்புறது டீச்சர்?" எனக்கு அப்படியொரு சந்தோஷம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். மேலே பாக்கெட்டின் வயிற்றைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, சரியாகச் சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டோம். அடிவாரத்தில் இறங்கி இன்னொரு நூலால் அதே இடத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை இரண்டு நூலையும் மேஜையில் நீட்டி வைத்தபோது அடிவாரத்து நூல் இரண்டு விரற்கடை குட்டை. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

அதற்கப்புறம்தான் பாடம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று பாக்கெட்டைத் தள்ளும். தண்ணீரும் அங்கே ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றதும், "அதான் எங்கம்மா பருப்பு வேகமாட்டேங்குதுன்னு திட்டுதா!" என்று ஒரு குரல். அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லை, அவர்களே நடத்திக்கொண்டார்கள்.

உங்கள் ஊரில் மலையில்லை என்று நினைக்காதீர்கள். சேலம் போகும் வழியில் கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் மேடு தெரிகிறதே, அதை உங்கள் பிள்ளைகள் பஸ் ஜன்னலில் நூறு தடவை பார்த்திருப்பார்கள். ஒரு துண்டு மேக்னசைட், ஒரு துண்டு சுண்ணாம்புக்கல், இரண்டையும் மேஜையில் வையுங்கள். இரண்டும் வெள்ளை. பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உங்கள் கையாலேயே ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல்லில் நுரை பொங்கும். மேக்னசைட் சட்டென்று அசைந்து கொடுக்காது. "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கிற செங்கல்லுக்குத்தான் அந்தக் கல் போகிறது என்ற செய்தியைக் கடைசியில் சொல்லுங்கள், முதலிலேயே கொட்டிவிடாதீர்கள்.

இரண்டு சின்னப் பழக்கம். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். கேள்வி, காத்திருப்பு, அப்புறம் பெயர். இந்த வரிசை முக்கியம். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் "அப்பாடா" என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவது, கஷ்டமான கேள்வியென்றால் ஒரு நிமிஷம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு அப்புறம் கேளுங்கள். பேசத் துடிக்கிற வாய்க்குப் பாடத்தையே பேசக் கொடுத்துவிடலாம். தொண்டைக்கு உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளியுங்கள்.

*

கேள்வி: கடைசி பெஞ்சில் நான்கு பையன்கள். வீட்டில் கொலுசு வேலை. கணக்குப் பாடம் என்றாலே தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "எங்களுக்குக் கணக்கு வராது மிஸ்" என்று அவர்களே சொல்கிறார்கள். எப்படி இழுப்பது?
(கணித ஆசிரியை, சேலம்)

கொலுசுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வராதா? நான் நம்பமாட்டேன்.

டவுனில் நான் எட்டாம் வகுப்பு எடுத்தபோது என்னிடமும் அப்படி ஒருவன் இருந்தான். கொலுசு பற்றவைக்கிற பொடி வைத்து ஊதி ஊதி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். சதவீதம் நடத்துகிறேன், அவன் பெஞ்சில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவனிடம் கேட்டேன்: "தம்பி, உங்க பட்டறையில டச், டச்சுன்னு சொல்றாங்களே, அப்டின்னா என்ன? எனக்குத் தெரியாது, சொல்லு." தெரியாமல்தான் கேட்டேன். அவன் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்கவில்லை. "நூறு கிராம்ல அறுவத்தஞ்சு கிராம் வெள்ளி இருந்தா அறுவத்தஞ்சு டச் டீச்சர். மிச்சம் செம்பு."

"அப்ப 160 கிராம் கொலுசுல?"

பேனா எடுக்கவில்லை. கூரையைப் பார்த்தான். "நூத்துக்கு அறுவத்தஞ்சு. அம்பதுக்கு முப்பத்திரண்டரை. பத்துக்கு ஆறரை. நூத்தி நாலு கிராம்." அவ்வளவுதான். நான் கரும்பலகையில் 65 போட்டுப் பக்கத்தில் சதவீதக் குறியை எழுதினேன். "நீ டச்சுன்னு சொல்றதுக்குப் புத்தகத்துல இதுதான் எழுத்து" என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் சம்மதம் கேட்டு, அவனையே வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். என்னைவிட நன்றாகச் சொன்னான்.

சம்மதம் கேட்டு என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சில பிள்ளைகளுக்கு வீட்டுத் தொழில் பெருமை, சிலருக்கு அதை நாலு பேர் முன்னால் இழுத்தால் கூச்சம். தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி கணக்குக்குப் பஞ்சமே இல்லை. இளம்பிள்ளை ஊரில் சேலை நெய்கிற வீடு, குச்சிக்கிழங்கு அரைக்கிற ஜவ்வரிசி ஆலை, தட்டுவடை செட் கடை, எதிலும் விகிதம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பையன்கள் ராத்திரி எத்தனை மணி வரை பட்டறையில் உட்காருகிறார்கள் என்று விசாரியுங்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். குடும்பத் தொழிலில் உதவலாம் என்றாலும் அது பள்ளிப் படிப்பைக் கெடுக்கக் கூடாது, ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. முதலில் அப்பா அம்மாவை வரவழைத்து மரியாதையாகப் பேசுங்கள். தூக்கமில்லாத பிள்ளைக்கு நான் சொல்கிற எந்த உத்தியும் பலிக்காது.

*

கேள்வி: ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் மட்டும் அமைதியாக இருக்கிறார்கள். நிறுத்தினால் கூச்சல். வீடியோவிலேயே பாடத்தை முடித்துவிடலாமா?
(ஆசிரியை, ஆத்தூர்)

அமைதி வேறு, கவனம் வேறு அம்மா. வீடியோ ஓடி முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, பார்த்ததில் மூன்று விஷயம் எழுதச் சொல்லிப் பாருங்கள், விளங்கிவிடும். வீடியோவை விட வேண்டியதில்லை. நடுவில் நிறுத்துங்கள். விதை முளைக்கிற காட்சியில் வேர் வரும் முன்பே நிறுத்தி, "அடுத்து எது வெளியே வரும், வேரா இலையா?" என்று கேளுங்கள். எல்லாரும் பந்தயம் கட்டட்டும். அப்புறம் ஓட்டுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓடவிடாதீர்கள்.

*

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு. "வகுப்பில் கவனிப்பதே இல்லை, ஜன்னலையே பார்க்கிறாள், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள்" என்று அவளுடைய மிஸ் சொல்கிறார். வீட்டில் புத்தகம் நன்றாகப் படிக்கிறாள். திட்டிப் பார்த்துவிட்டேன்.
(ஒரு தாய், கன்னங்குறிச்சி)

திட்டாதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது.

பல வருஷம் முன்பு என் வகுப்பில் ஒரு சின்னப் பெண், இதே போலத்தான். பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதுவாள். காப்பி அடிக்கிறாள் என்று நினைத்து, மூன்று பீரியட் அவளை நிற்க வைத்தேன். நின்றபடியே அழுதாள், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. சில மாதம் கழித்துப் பள்ளிக்குக் கண் பரிசோதிக்க வந்தார்கள். அட்டையில் மூன்றாவது வரிக்குக் கீழே அவளுக்கு எழுத்தே தெரியவில்லை. கரும்பலகை அவளுக்கு வெறும் கறுப்பு. அது தனக்கு மட்டும்தான் என்பதும் அவளுக்குத் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். கண்ணாடி போட்டு வந்த அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தவறு எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் நீங்கள் முதலில் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். புத்தகம் நன்றாகப் படிக்கிறாள் என்கிறீர்கள், தூரத்தில் இருப்பதுதான் தெரியவில்லையோ என்னவோ. ரோட்டில் போகும்போது பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். காதும் கேட்கிறதா பாருங்கள், சளி அடிக்கடி பிடிக்கிற பிள்ளைக்குக் காது மந்தமாகலாம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாளா? அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-ல் ஆரம்பித்தபோது, பல வருஷமாக நான் கண்ட முதல் பீரியட் மயக்கங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. பசித்த பிள்ளை ஜன்னலைத்தான் பார்க்கும்.

ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஜூன் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துக் கரும்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். 40 பேருக்கு ஒரு பீரியட் போதும்.

*

கேள்வி: எங்கள் பள்ளியில் எஸ்டேட் பிள்ளைகளும் மலையாளி என்ற மலைப் பழங்குடிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். காபிப் பழம் எடுக்கிற மாதங்களில் பாதிப் பேர் வருவதில்லை. திரும்பி வந்ததும் பாடம் புரியாமல் ஒதுங்கி உட்காருகிறார்கள்.
(ஆசிரியர், ஏற்காடு)

கார்த்திகை, மார்கழி, தை. எனக்கும் அந்த மூன்று மாதமும் பாதி வகுப்பு காலிதான். வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும், அது முதல் வேலை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் பலர் நின்றுவிடுவார்கள்.

திரும்பி வந்த அன்று "எங்கே போயிருந்தே?" என்று அதட்டாதீர்கள். "எத்தனை கிலோ எடுத்தீங்க?" என்று கேளுங்கள். அன்றைக்கு அவர்கள்தான் வாத்தியார். ஒரு கிலோ காபிக்கொட்டை கிடைக்க ஏறக்குறைய ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். ஒரு பிடி பழம் கொண்டுவரச் சொல்லி, தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவி, காயப்போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் எடை பாருங்கள். தபால் தராசு போதும், இல்லையென்றால் நூலும் இரண்டு தேங்காய்த் தொட்டியும் போதும். பள்ளிக்கு ஒழுங்காக வந்த பிள்ளைகள் எழுதட்டும், எஸ்டேட் பிள்ளைகள் சொல்லட்டும். விகிதமும் ஆச்சு, ஒதுங்கினவன் நடுவுக்கும் வந்தாச்சு. விட்டுப்போன பாடத்துக்கு, படித்த பிள்ளை ஒருத்தரைத் துணை போடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

*

கேள்வி: பத்தாம் வகுப்புத் திருப்புதல் நடக்கிறது. திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறேன். தூங்குகிறார்கள்.
(ஆசிரியர், மேட்டூர்)

வாசித்ததையே வாசித்தால் யாருக்கும் தூக்கம் வரும். புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஞாபகம் இருப்பதை வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் திறந்து பார்த்து விட்டதைச் சேர்க்கட்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு நன்றாகச் சொன்னார்கள், ஒரு வாரம் கழித்து மறந்துவிட்டார்கள். மூடி வைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகும் அதிகம் நின்றது. உங்கள் பிள்ளைகள் முதலில் முனகுவார்கள், எதுவும் தெரியவில்லையே என்று பயப்படுவார்கள். மார்க் போடாதீர்கள், பயம் போய்விடும்.

*

கேள்வி: அடிக்காமல் ஒரு வகுப்பைக் கட்டுப்படுத்த முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், சங்ககிரி)

முடியும். 32 வருஷம் முடிந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டம் உடலைத் துன்புறுத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். பிரம்பைக் கண்ட பிள்ளை தப்பாகப் பதில் சொல்லத் துணியாது. தப்பான பதில் வராத வகுப்பில் நீங்கள் எதைத் திருத்துவீர்கள்?

*

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட் எனக்கு. வெயிலில் எல்லாரும் சொக்கி விழுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு.
(ஆசிரியை, வாழப்பாடி)

அந்த நேரத்தில் நீங்கள் பேசாதீர்கள், அவர்கள் எழுந்து நடக்கட்டும். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கரும்பலகை பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் அதன் முன்னால் பெஞ்சைப் போட்டு மறைத்துவிட்டார்கள். பெஞ்சை நகர்த்துங்கள். ஆளுக்கு ஒரு சாக்பீஸ் துண்டு, நின்றபடி பெருக்கல். ஒருவர் போட்ட கணக்கை அடுத்தவர் நகர்ந்து போய்ச் சரிபார்க்கட்டும். பத்து நிமிஷம் போதும், அப்புறம் உட்கார வைத்துப் பாடம். முகம் கழுவிவிட்டு வரச் சொல்லவும் தண்ணீர் குடிக்கவும் ஐந்து நிமிஷம் விடுங்கள், அதை வீண் என்று நினைக்காதீர்கள். பங்குனி சித்திரை வெயிலில் ஓட்டுக் கட்டடம் கொதிக்கும். முற்றத்தில் வேப்பமரம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கி, வகுப்பை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். எறும்புப் புற்று இல்லாத இடமாகப் பார்த்துப் பாய் விரியுங்கள்.